மூன்றாவது கட்டு

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் டீ கிளாஸை வைத்துவிட்டு முதலில் எழுந்து போகிற ஆள் நான். மூலக்கொத்தளம் சுடுகாட்டு மதிலை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேலேயே தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன், ஒரு கொசுவைத் தவிர வேறு எதுவும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. உயிரோடு இருக்கிறவன் செய்கிற அநியாயத்துக்கே கணக்கு இல்லாத ஊரில் செத்தவன் வந்துதானா பயமுறுத்தணும் என்று கேட்டுக்கொண்டு திரிந்தவன். அப்படிப்பட்டவன் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் கேட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஆனால் நடுவில் சிரிக்காதீர்கள், அது மட்டும் எனக்குப் பிடிக்காது.

அமாவாசை, மல்லிகைப்பூ வாசனை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்த்தால் அதுவும் கிடையாது. பட்டப்பகல். மண்டையைப் பிளக்கிற வெயில். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், துறைமுகத்துக்குப் போகக் காத்து நிற்கிற கன்டெய்னர் ட்ரெய்லர்களுக்கு நடுவில், நூறு பேர் பார்க்க நடந்தது.

நான் கேரவன் டிரைவர். சினிமா ஷூட்டிங் நடக்கிற இடத்தில் நடிகர்கள் ஏறி உட்காருவதற்கு ஒரு பெரிய வண்டி நிற்குமே, உள்ளே கட்டில், சோபா, ஏசி, கண்ணாடி, பாத்ரூம் எல்லாம் வைத்து, கிட்டத்தட்ட சக்கரம் வைத்த வீடு, அதுதான். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவன் அந்தப் பாத்ரூமுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாது. விடியற்காலை போய் நிறுத்திவிட்டு, வெயிலோ மழையோ, வண்டிக்கு வெளியே நிற்க வேண்டும், ஒதுங்குவதற்கு முள்காடு தேட வேண்டும். அதையெல்லாம் பேச ஆரம்பித்தால் கதை வேறு பக்கம் போய்விடும், விடுங்கள்.

அந்த வண்டிக்கு உள்வேலை செய்தது என் அண்ணன் பாலு. தண்டையார்பேட்டையில் ஒரு பாடி கட்டுகிற ஷெட்டில் பைப் வேலை, வெல்டிங் வேலை எல்லாம் அவன்தான். எல்லா வேலையும் இடது கையால் செய்வான், அதனால் ஏரியாவில் அவனுக்குப் பீச்சாங்கை பாலு என்றே பெயர். பழைய பஸ் ஒன்றை என் முதலாளி வாங்கிக் கேரவனாக மாற்றச் சொன்னபோது அண்ணன் ஒரு யோசனை சொன்னான். எஞ்சினைக் குளிர வைக்க ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஓடுகிற கூலன்ட் தண்ணீர் எப்படியும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும், அதை ரப்பர் ஓஸ் பைப் போட்டுத் தரைக்கு அடியில் பின்பக்கம் வரைக்கும் கொண்டுபோய், பாத்ரூம் தண்ணீர் டேங்க்குக்குள் ஒரு சுருளில் சுற்றவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால், ஓடுகிற வண்டியிலேயே வெந்நீர் தயார், தனியாக ஹீட்டர் வேண்டாம். முதலாளிக்கு வாயெல்லாம் பல். போகிற சினிமா கம்பெனியில் எல்லாம் அதைத் தன்னுடைய யோசனை என்றுதான் சொல்லிக்கொண்டார்.

அவ்வளவு நீளமான ஓஸ் என்றால் எங்கேயாவது கசியத்தான் செய்யும். கிளிப் தளரும், அடிச்சட்டத்தில் உரசித் தேயும், சூட்டில் ரப்பர் வெடிக்கும். கசிகிறபோதெல்லாம் அண்ணன் வந்து வண்டிக்கு அடியில் படுப்பான். அவனுக்கு ஒரு பழக்கம். வேலை முடித்ததும் ஸ்க்ரூடிரைவரின் மரக்கைப்பிடியால் பைப்பை ஒரே ஒரு தட்டு தட்டுவான். டொக். உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கிறதா, காற்று மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்துகொள்வானாம். அப்புறம் வெளியே வந்து, "எடு நைனா, போலாம்" என்பான். எனக்கு அவன் அண்ணன் மட்டும் இல்லை. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என்னைத் தூக்கி வளர்த்தவன், ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன்.

அந்த அண்ணன் செத்தபோது நான் வால்பாறையில் இருந்தேன். ஷூட்டிங் படம் வெளியே போய்விடக் கூடாது என்று அங்கே எல்லார் போனையும் வாங்கி ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். ராத்திரி மட்டும் கொடுப்பார்கள், கொடுத்தாலும் அந்த மலையில் டவர் கிடையாது. தண்டையார்பேட்டையில் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. கஸ்தூரி அண்ணி எனக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முதலாளிக்குப் போட்டிருக்கிறார்கள். "சொல்லிட்டோம்மா, கிளம்பிட்டான், வந்துட்டே இருக்கான்" என்று பதில் வந்திருக்கிறது.

எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அங்கே வண்டிக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளிக்குடம் எடுக்க வேண்டியவன் நான்தான். அது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தண்ணீர் நிரம்பிய பானையை இடது தோளில் வைத்துக்கொண்டு பிணத்தைச் சுற்றி வரணும், ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் நிற்கிறவன் பானையில் ஒரு ஓட்டை போடுவான், மூன்றாவது சுற்று முடிந்ததும் பானையைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, கொள்ளி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகணும். திரும்பிப் பார்த்தால் போகிற உயிர் போகாமல் நின்றுவிடும் என்று சொல்லுவார்கள். ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு மறுநாள் வரைக்கும் காத்திருந்தார்கள். நான் வரவில்லை. சொந்தக்காரர்களில் ஒருவர் பானையை எடுக்கப் போனபோது அண்ணி விடவில்லை. "எங்க கொழுந்தன் இருக்கறப்ப யாரும் தொடக் கூடாது, அவன் வருவான்" என்று, பொம்பளைகள் வராத சுடுகாடு என்றும் பார்க்காமல், பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூலக்கொத்தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். கடைசியில் யாரும் பானை எடுக்காமலேயே எரித்துவிட்டார்கள். நிரப்பிய பானையை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது, அங்கேயே மதிலோரம் வைத்துவிட்டு வந்தார்கள்.

ஷெட்யூல் முடிந்து நான் வந்தபோது அண்ணன் வீட்டுச் சுவரில் படம் மாட்டி மாலை வாடிப்போயிருந்தது. அண்ணி என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்கள். "சம்பளம் வந்துச்சா?" அதோடு கதவைச் சாத்தினார்கள். எனக்குத் தெரியவே தெரியாது அண்ணி என்று கதவுக்கு வெளியே நின்று கத்தினேன், ஹவுசிங் போர்டு முழுக்க வேடிக்கை பார்த்தது, கதவு திறக்கவில்லை. அப்புறம் எத்தனையோ தடவை போனேன். என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவார்கள். முதலாளியைக் கேட்டால், "ஆள் அனுப்பினேன்பா, உன்கிட்ட சொல்லலையா? லைனே கிடைக்கல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ஒரே ஒரு தடவை அண்ணியிடம் வந்து உண்மையைச் சொன்னால் போதும் என்று கெஞ்சினேன். பார்க்கலாம் என்றார். பணக்காரன் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்புறமும் ஏன் அவனிடமே வேலை செய்தாய் என்று கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள். வயிறு இருக்கிறது, வீட்டில் படிக்கிற பெண் இருக்கிறாள். அதோடு அந்த வண்டிக்கு அடியில் ஓடுகிற ஒவ்வொரு பைப்பும் அண்ணன் கைபட்டது. இறங்க மனசு வரவில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயம். எண்ணூர் கடற்கரையில் ஷூட்டிங். பெரிய நடிகை, வெந்நீர் இல்லாமல் உப்புக்காற்றில் நடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம், அதனால் முதலாளியே கூட வந்தார், வெந்நீர் வருவதைக் கம்பெனிக்காரர்களுக்குத் தானே காட்ட வேண்டும் என்று. ராயபுரம் தாண்டி எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறினால், திருவொற்றியூருக்கு முன்னாலேயே ட்ரெய்லர் வரிசை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. எதிர்ப்பக்கம் போதாதென்று எங்கள் பக்கமும் ஏறி நிற்கிறார்கள். ஊர்ந்து ஊர்ந்து போகிறபோது எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் மேலே ஏறியது. ஓரங்கட்டினேன்.

இறங்கிக் குனிந்து பார்த்தால் பின்பக்க ஓஸில் கிளிப் தளர்ந்து பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இதில் அமானுஷ்யம் ஒன்றும் கிடையாது, வழக்கமான தொல்லைதான். கிளிப்பை முடுக்கினேன். பக்கத்திலேயே ஒரு டீக்கடை, கடைக்காரம்மா ஒரு டிரம் நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்கள். கேன் எடுத்துக்கொண்டு போனேன்.

முதலாளி ஜன்னலைத் திறந்து, "என்னாச்சு?" என்றார்.

"ஓஸ் லீக் சார். பின்னால போற லைன முன்னாலயே கட் பண்ணி ஜாயின்ட் குடுத்துட்டா ஆபத்தில்லாம போயிடலாம். வெந்நி மட்டும் வராது."

"வெந்நீர் வராதா? அப்புறம் எதுக்குய்யா போறோம்? ஏதாவது பண்ணு. எஞ்சினை ஆஃப் பண்ணாதே, ஏசி நின்னுடும்."

ஜெனரேட்டர் அன்றைக்கு ரிப்பேர். எஞ்சின் ஓடினால்தான் ஏசி. எஞ்சின் நின்று ஆறட்டும் சார், இல்லாவிட்டால் ரேடியேட்டர் மூடியைத் திறக்கிறபோது கை வெந்துவிடும் என்று சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அணைத்து வைத்தேன். அப்புறம் கேனை நிரப்பி இடது தோளில் தூக்கிக்கொண்டேன். வலது கையில் ஸ்பேனர் இருந்தது, அதனால் இடது தோள், வேறு காரணம் இல்லை. வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற சந்து, அதன் வழியாக முன்னால் போய், ரேடியேட்டரில் ஊற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்து, மிச்சத் தண்ணீரோடு கேனை மறுபடியும் தோளில் ஏற்றிக்கொண்டு, ஓஸ் ஓடுகிற இடது பக்கமாகப் பின்னால் நடந்து வந்தேன், கசிவு நின்றிருக்கிறதா பார்க்கலாம் என்று.

பின்சக்கரம் தாண்டும்போது கேட்டது. டொக்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சூட்டில் தகடு சத்தம் போடும். குனிந்து பார்த்தேன். கிளிப் நன்றாக இருக்கிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி, காலையில் நானே கை வைத்துத் தடவிப் பார்த்த ஓஸில், புதிதாக ஒரு ஓட்டை. ஒரு பூணூல் தடிமனுக்குத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது.

சரி, பழைய ரப்பர், கிளிப்பை முடுக்கியதில் அழுத்தம் ஏறி வேறு இடத்தில் விட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி எஞ்சினை அணைத்து, பழைய சைக்கிள் ட்யூபைக் கீற்றாக வெட்டி இழுத்துச் சுற்றி, கட்டுக்கம்பி போட்டு முறுக்கினேன். மறுபடி டிரம், மறுபடி கேன், இடது தோள், சந்து வழியாக முன்னால், ஊற்றி, ஸ்டார்ட் செய்து, இந்தப் பக்கமாகப் பின்னால்.

டொக்.

இரண்டாவது ஓட்டை. முதல் கட்டுக்குப் பக்கத்தில், நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில். இந்த முறை முதுகில் ஏதோ ஊர்ந்தது, ஆனால் பயம் என்று சொல்ல மாட்டேன். வண்டிக்கு அடியில் ஆள் யாராவது இருக்கிறானா என்று படுத்தே பார்த்தேன். எண்ணெய்க் கறை, சொட்டின தண்ணீர், அந்தப் பக்கம் ட்ரெய்லர் டயர். அவ்வளவுதான். அதையும் சுற்றிக் கட்டினேன்.

வெளியே வந்தபோது முதலாளி கதவைத் திறந்துகொண்டு படியில் நின்றிருந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "இது உங்கண்ணன் போட்ட பைப்புதானே? செத்தும் எனக்குச் செலவு வைக்கிறான் பாரு" என்றார்.

அவர் அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"மூஞ்சியைத் தூக்கி வச்சிக்காதே. அன்னிக்கு உன்கிட்ட சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? வண்டியை மலையில போட்டுட்டு ஓடி வந்திருப்ப. நான் டிரைவருக்கு எங்க போறது? போனவன் போயிட்டான், நீ வந்தா எழுந்துக்கப் போறானா?"

ஆள் அனுப்பினேன், லைன் கிடைக்கவில்லை என்று ஒரு வருஷமாகச் சொன்னது எல்லாம் பொய் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும்தான். ஆனாலும் காதால் கேட்கிறபோது உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஸ்பேனரை அவர் மண்டையில் போட்டிருக்கலாம். போடவில்லை. ஏழைக்குக் கோபம் வந்தால் அவன் செய்வதெல்லாம் அடுத்த வேலையைப் பார்ப்பதுதான். கேனை எடுத்துக்கொண்டு டிரம்முக்குப் போனேன்.

டீக்கடை அம்மா தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

"இன்னாண்ணே நீ, கொள்ளிக்குடம் எடுக்கறவன் மாரி தோள்ல வச்சினு வண்டிய சுத்தினு கீற. பாக்கவே பேஜாரா கீது. கைல தூக்கினு போயேன்."

அவர்கள் விளையாட்டாகத்தான் சொன்னார்கள். இடது தோள். இடப்பக்கமாகச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் ஒரு தட்டு, ஒரு ஓட்டை. இரண்டு ஆகிவிட்டது.

கையில் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். போகாமலே இருந்திருக்கலாம். நான் கேனை எடுத்து இடது தோளில்தான் வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அழுகை வந்துகொண்டிருந்தது, அது மட்டும் தெரியும். ட்ரெய்லர் டிரைவர்கள் இரண்டு பேர் கேபினிலிருந்து பார்க்கிறார்கள், முதலாளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சந்து வழியாக மெதுவாக நடந்தேன். முன்னால் ஊற்றினேன், ஸ்டார்ட் செய்தேன். மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தேன். பின்சக்கரம் வந்தது.

டொக்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், தோள் நனைந்தது. கேனில் ஓட்டை எதுவும் கிடையாது, நான் அப்புறம் யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். இடது தோளிலிருந்து முதுகு வழியாகத் தண்ணீர் வெதுவெதுப்பாக இறங்கியது. அப்போது சரியாக என் பிடரிக்குப் பின்னால், தண்டையார்பேட்டையில் ஆயிரம் பேர் பேசினாலும் நான் அடையாளம் சொல்லக்கூடிய குரல்.

"போட்டுட்டுப் போ நைனா. திரும்பாத."

கையை விட்டேன். கேன் பின்னால் விழுந்து பிளந்த சத்தம் கேட்டது. நான் நடக்க ஆரம்பித்தேன், வந்த வழியே, தெற்கே, தண்டையார்பேட்டை பக்கம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "டேய் சேகர், எங்கடா போற?" என்று முதலாளி கத்துகிறார். டீக்கடை அம்மா, "அண்ணே, பொக வருது பாரு, பொக வருது பாரு" என்று கூப்பிடுகிறார்கள். நான் திரும்பவில்லை. என் முதுகுக்குப் பின்னால் புகை எழும்புகிறது என்று தெரிந்தும், கொள்ளி வைத்தவன் போகிற மாதிரி, திரும்பவே இல்லை.

ஆனால் நான் டிரைவர். இந்த இடத்தைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. இருபது வருஷம் வண்டி ஓட்டினவனுக்குக் கண்ணாடியைப் பார்த்தால் கண் தானாகப் போகும், அதற்குப் புத்தியின் அனுமதி வேண்டியதில்லை. எனக்கு முன்னால், நான் நடக்கிற திசையிலேயே, துறைமுகத்தைப் பார்த்து வரிசையாக நிற்கிற ட்ரெய்லர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டில் ஒரு பெரிய கண்ணாடி, எல்லாம் எனக்குப் பின்னால் இருப்பதைக் காட்டிக்கொண்டு. தலை திரும்பவில்லை. கண் போய்விட்டது. வெள்ளைப் புகை. புகைக்கு நடுவில் கேரவனின் பின்சக்கரம். சக்கரத்தோரம் ஒரு ஆள் எனக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வண்டிக்கு அடியில் கையை விட்டு ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தான். இடது கையால்.

அவ்வளவுதான் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் அண்ணி வீட்டு மாடி ஏறினேன். எதற்காகப் போனேன் என்றுகூடத் தெரியவில்லை, கால் போனது. கதவு திறந்திருந்தது. ஒரு வருஷமாக எனக்குச் சாத்தியே இருந்த கதவு. வாசலில் ஒரு பக்கெட் தண்ணீர், அதில் சொம்பு மிதக்கிறது. சாவுக்குப் போய்விட்டு வருகிறவர்களுக்கு வைப்பார்களே, அதுபோல. அண்ணி உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என் இடது தோளைப் பார்த்தார்கள். சட்டை இன்னும் காயவில்லை.

"கால கழுவிகினு உள்ள வா" என்றார்கள்.

நான் கழுவினேன். "அண்ணி, சத்தியமா அன்னிக்கு எனக்கு யாரும் சொல்லல" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். இன்னிக்குத் தெரிஞ்சிது" என்றார்கள். எப்படி என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொன்னதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"திரும்பிப் பாக்கலியே நீ?"

"இல்ல அண்ணி" என்றேன்.

அண்ணி பெரிதாக ஒரு மூச்சு விட்டு, "அப்ப போய்ட்டாரு. நிம்மதியா போய்ட்டாரு" என்று சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டார்கள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் சாப்பிட்டேன். சுவரில் இருந்த படத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்தே சாப்பிட்டேன்.

வேலை போனது. எஞ்சின் நாசம், நான் வேண்டுமென்றே செய்தேன் என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், வேறு எந்தக் கேரவன்காரனும் என்னைச் சேர்க்கவில்லை. அண்ணியிடம் வந்து உண்மையைச் சொல்ல நேரம் கிடைக்காத மனுஷனுக்கு என்னைப் பற்றிச் சொல்ல மட்டும் நேரம் கிடைத்தது. எஞ்சினை இறக்கிய மெக்கானிக் எனக்குத் தோஸ்து. அவன்தான் ஒருநாள் டீக்கடையில் சொன்னான்.

"இன்னா மாமு, அவ்ளோ பொறுமையா மூணு கட்டு கட்டிகீற, அப்பால வண்டிய வுட்டுட்டு போய்ட்ட?"

"ரெண்டுதான்டா கட்டனேன்" என்றேன்.

"மூணு மாமு. நான்தானே பிரிச்சேன். ரெண்டு கட்டுல கம்பி வலப்பக்கமா முறுக்கினு இருந்துச்சு. மூணாவதுல மட்டும் இடப்பக்கம். பிரிக்கறதுக்குள்ள கை போச்சு. அவ்ளோ டைட்டு. அதுல ஒரு சொட்டு லீக் இல்ல."

எனக்கு டீ புரையேறியது. அப்போதுதான் முழுசாக உறைத்தது. என் அண்ணன் தன் பானையைத் தானே மூன்று தடவை தட்டி உடைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான். போயிருப்பான். நான் கண்ணாடியில் பார்த்தேன். அவன் நின்றுவிட்டான். நின்றவன் என்ன செய்தான் தெரியுமா? செத்தும் செலவு வைக்கிறான் என்று சொன்னானே, அவன் வண்டிக்குக் கட்டு போட்டுக்கொண்டிருந்தான். உயிரோடு இருந்தபோது உழைத்தது போதாதென்று.

இப்போது மணலியில் டேங்கர் ஓட்டுகிறேன். அண்ணி வீட்டுக்கு வாரா வாரம் போகிறேன். அண்ணி முகத்தில் தெளிவு வந்துவிட்டது, படத்துக்கு விளக்கேற்றி, அவர் நல்ல இடத்தில் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்கிறார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

தினமும் காலையில் டேங்கரில் ஏறி உட்காருவேன். சாவியைத் திருப்புவதற்கு முன்னால், வண்டி இன்னும் உயிரே வராமல் கிடக்கிறபோது, என் சீட்டுக்கு அடியில் எங்கேயோ ஒரே ஒரு தட்டு கேட்கும். டொக். சரியாக இருக்கிறது, எடு, போகலாம் என்பது போல. அந்த வண்டியை என்னிடம் கொடுத்ததிலிருந்து ஒருநாள்கூட ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தது கிடையாது. கூட இருக்கிற டிரைவர்கள் எல்லாம் உனக்கு ராசியான கைப்பா என்கிறார்கள்.